உல்லாசக் கப்பலும் எழுத்தாளனின் பார்வையும்

ஓய்வைப் பற்றி எழுதுவது எளிதன்று. உழைப்பைப் பற்றி எழுதப் புகும் எழுத்தாளனுக்கு எதிரே வேலைத்தலமும் கூலியும் முதலாளியும் சக தொழிலாளியும் நிற்கின்றனர். ஓய்வைப் பற்றி எழுதப் புகுபவனுக்கு எதிரே பெரும்பாலும் அவனே நிற்கிறான். தான் மகிழ்ந்தேனா, சலித்தேனா, தனிமையுற்றேனா என்பவையே அவனுக்கு முதற் கேள்விகளாகின்றன. தன் ஓய்வை ஆக்கித் தருபவர் யார் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பல வேளைகளில் வராமலே போய்விடுகிறது. இக்குறைபாடு ஆற்றல் குன்றிய எழுத்தாளரிடம் மட்டும் காணப்படுவதன்று. ஆற்றல் மிக்கவரிடத்தும் காணப்படுவது. அதனை ஆராயும் பொருட்டு, குளிர்காலத்திற் கரீபியன் கடலிற் செல்லும் உல்லாசக் கப்பல்களைப் பற்றிய இரு புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டுரைகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

வட அமெரிக்க நகரங்கள் பனியில் மூழ்கிக் கிடக்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் புளோரிடாத் துறைமுகங்களுக்கு அறுவடைக் காலம். ஏழு இரவுகள் கடலில் மிதந்து, வெயில் காய்ந்து, சில தீவுகளில் இறங்கியேறித் திரும்புவதற்கு மக்கள் பெருந்தொகையாக அங்கு வந்து சேர்கின்றனர். 1995 மார்ச்சில் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் நாவலாசிரியர் டேவிட் பொஸ்டர் வொலஸ். அவர் ஏறிய கப்பலின் பெயர் 'செனித்'. உச்சத்தைக் குறிக்கும் அப்பெயரை, அடிப்புள்ளியைக் குறிக்கும் 'நேடிர்' என்று கேலியாக மாற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1996 சனவரியில் 'ஹாப்பர்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது; அடுத்த ஆண்டில் அவருடைய கட்டுரைத் தொகுதிக்குத் தலைப்புக் கட்டுரையும் ஆயிற்று.

இரண்டாவது கட்டுரை, உருசியாவிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவிற் குடியேறிய நாவலாசிரியர் கேரி ஷ்டெய்ன்கார்ட் எழுதியது. 2024 சனவரி 27ஆம் திகதி மியாமியிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கிய 'ஐகன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பலில் அவர் சென்றார். அக்கட்டுரை அதே ஆண்டில் 'அத்லாந்திக்' சஞ்சிகையில் வெளிவந்தது. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பலில் அழுதுகொண்டே உறங்கியமை பற்றியது அது என்பதைத் தலைப்பே கூறிவிடுகிறது.

இவ்விரு பயணங்களுக்கும் இடைப்பட்ட காலம் முப்பது ஆண்டிலும் குறைவு. ஆயினும் கப்பலின் வளர்ச்சி வியக்கத்தக்கது. டைட்டானிக்கின் மொத்தத் தொன் அளவு 46,328. 'செனித்' ஏறக்குறைய அதே அளவினது, 47,255. 'ஐகன்' 248,663. இத்தொன் கப்பலின் எடையைக் குறிப்பதன்று. அதன் கொள்ளளவைக் குறிப்பது. அஃதாவது ஐந்து டைட்டானிக்குகளை அடக்கத்தக்க ஒரு கட்டடம் இன்று கடலில் மிதக்கிறது. நீளம் 365 மீற்றர், தளங்கள் இருபது. அறைக்கு இருவராகக் கணக்கிட்டால் 5,610 பிரயாணிகள். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் ஏறத்தாழ 7,600 பேர். இவர்களுக்கு ஏவல் செய்வோர் 2,350 பேர். இந்த 2,350 பேரைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

*

முதலில் வொலசுக்கு உரிய மதிப்பை வழங்குவோம். அவருடைய கட்டுரை வெறும் பயண நகைச்சுவையன்று. விளம்பரம் இலக்கிய வேடம் பூண்டு வருவதை அதில் அவர் அம்பலப்படுத்துகிறார். மதிப்பு வாய்ந்த எழுத்தாளரும் அயோவாப் பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பயிலகத்துக்குத் தலைவராயிருந்தவருமான பிராங்க் கொன்றோய், அக்கப்பற் கம்பனியின் பிரசுரத்திற்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அது விளம்பரம் என்ற குறிப்பின்றி, ஓர் எழுத்தாளனின் சொந்த அனுபவம் போல் அச்சிடப்பட்டிருந்தது. வொலஸ் அவரோடு தொடர்புகொண்டு கேட்டபோது, பணத்துக்காகவே எழுதியதாக அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். கலையின் பெயரால் வரும் விளம்பரம் வாசகனிடம் அன்பு காட்டுவதாகப் பாவனை செய்கிறது. அவனிடமிருந்து எதையோ கறக்க முயல்கிறது. நேர்மையான அன்பையும் அவன் நம்ப முடியாதவாறு செய்துவிடுகிறது. இவ்வுண்மையை வொலஸ் அளவுக்குத் தெளிவாக எடுத்துரைத்தோர் சிலரே.

அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு, எல்லா விருப்பங்களையும் நிறைவேற்றுவதாகக் கூறும் வாக்குறுதி பற்றியது. நிறைவேறிய விருப்பம் அடுத்த விருப்பத்தைப் பெற்றுப் போடுகிறது. முதல் நாள் வியப்பளித்த வசதி நான்காம் நாள் உரிமையாகிறது; ஆறாம் நாள் குறைபாடாகிறது. மனிதன் குழந்தையாக்கப்படுகிறான், ஆனால் குழந்தையின் மகிழ்ச்சி அவனுக்குக் கிட்டுவதில்லை. நுகர்வுச் சமுதாயத்தின் உள நிலையை ஒரு கப்பலுக்குள் வைத்துக் காட்டிய இப்பகுதி, அவருடைய சாதனை எனலாம்.

ஆயின் அவருடைய பார்வையின் எல்லை எங்கே தொடங்குகிறது? இரு சந்தர்ப்பங்கள் அதனைக் காட்டுகின்றன.

முதலாவது, பயணப் பையின் நிகழ்ச்சி. கப்பலேறிய அன்று வொலஸ் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு அறைக்குச் செல்கிறார். லெபனானைச் சேர்ந்த சுமையாள் ஒருவர் இதைக் கண்டு பதறுகிறார். பிரயாணி தன் சுமையைத் தானே சுமப்பது, சுமையாளின் கடமைத் தவறாகக் கணிக்கப்படும். சிறிது நேரத்தில் கிரேக்க அதிகாரி ஒருவர் வந்து மன்னிப்புக் கோருகிறார். சுமையாள் தண்டனைக்கு ஆளானதும் தெரியவருகிறது. தாம் செய்தது நல்லெண்ணத்தாற் செய்தது என்று வொலஸ் எவ்வளவோ வாதாடியும் பயனில்லை. கட்டுரை முழுவதிலும் உயிர்ப்பு மிக்க கட்டம் இதுவே. தனி மனிதனின் நல்லெண்ணம், அவன் நிற்கும் உற்பத்தி உறவை மாற்றாது என்ற உண்மை இங்கே தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது. ஆனால் எழுத்தாளர் அவ்வுண்மையைப் பின்தொடர்ந்து செல்லவில்லை. தன் குற்ற உணர்ச்சியையே பின்தொடர்கிறார். அந்தச் சுமையாளுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைக் காட்டிலும், அந்நிகழ்ச்சி தன்னை எவ்வாறு வாட்டியது என்பதே அவருக்குப் பொருளாகிறது.

இரண்டாவது, புன்னகை. கப்பலின் ஊழியர் ஒவ்வொருவரும் எந்நேரமும் அணிந்திருக்கும் தொழிற் புன்னகையைப் பற்றி வொலஸ் நுட்பமாக எழுதுகிறார். அது நெஞ்சிலிருந்து வராத புன்னகை என்பதையும், அதைப் பெறுபவனின் மனத்தில் அது விரக்தியை விளைவிக்கிறது என்பதையும் அவர் காண்கிறார். பெறுபவனின் விரக்தி இது. கொடுப்பவனின் நிலை என்ன? விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் அர்லி ஹொக்ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில், புன்னகையும் இன்முகமும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என்பதை நிறுவியிருந்தார். தசையை விற்பதுபோல் உணர்ச்சியையும் விற்க வேண்டிய தொழிலாளிக்குத் தன் உணர்ச்சியே அந்நியமாகிப்போகிறது என்பது அவர் முடிபு. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் எழுதிய வொலஸ், அதே புன்னகையைக் கடைக்கு இப்புறமிருந்தே பார்த்தார். வாங்குபவனுக்குப் பொருள் பிடிக்கவில்லை என்பதே அவர் முறையீடாகச் சுருங்கிவிடுகிறது.

*

ஷ்டெய்ன்கார்ட்டின் கட்டுரையில் இவ்வெல்லை மேலும் குறுகிவிடுகிறது. அவர் நகைச்சுவை வல்லவர். கப்பலில் நண்பரைத் தேடி மதுச்சாலை மதுச்சாலையாக அலைந்து தோல்வியுறும் தன்னையே அவர் முதலிற் கேலி செய்துகொள்கிறார். முன்னர் எத்தனை முறை கப்பலேறினர் என்பதைக் கொண்டு கம்பனி பிரயாணிகளைப் படிநிலைகளாக வகுத்து வைத்திருப்பதையும், உல்லாசத்துக்குள்ளும் மேல்தட்டு கீழ்த்தட்டு உண்டாக்கப்பட்டிருப்பதையும் அவர் காட்டுவது பயனுடையது. ஆனால் அவருடைய கேலியின் கூர்முனை பெரும்பாலும் சக பிரயாணிகளின் உடை, பேச்சு, இரசனை ஆகியவற்றின்மீதே பாய்கிறது.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சகன் நிதானமாக நிற்றல் வேண்டும். பிரயாணிகளைப் பார்த்து நகைப்பதை, முதலாளித்துவத்தைக் கண்டிப்பதாக நாம் மயங்கிவிடலாகாது. அந்த ஆறாயிரம் பேரும் கோடீசுவரர் அல்லர். கோடீசுவரருக்குச் சொந்தப் படகுகள் உள்ளன. இத்தகைய கப்பலில் ஏறுவோருள் ஆண்டு முழுவதும் பணம் சேர்த்து வரும் தாதியரும் ஆசிரியரும் கடைச் சிப்பந்திகளும் ஓய்வூதியம் பெறுவோரும் உளர். ஊதியத்துடன் கூடிய விடுமுறை, தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற உரிமை. 1936 யூன் மாதத்துப் பெரு வேலைநிறுத்தங்களின் விளைவாகவே பிரான்சின் தொழிலாளர் ஆண்டுக்கு இரு வார விடுமுறையைப் பெற்றனர். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனமும் அதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ இன்றுவரை ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவுமில்லை. அந்நாட்டுத் தொழிலாளி தட்டிப் பறித்துக்கொண்ட ஒரு வாரத்தில் வண்ணச் சட்டையணிந்து நீர்ச்சறுக்கில் விழுந்து சிரிக்கிறான் என்றால், அந்தச் சிரிப்பை நாம் இகழோம். அவனுக்கு வேறு விதமான ஓய்வைக் கற்பனை செய்ய இடந்தராத சமுதாயத்தையே கேள்வி கேட்போம்.

எனவே கேள்வி, ஓய்வு நல்லதா தீயதா என்பதன்று. ஒருவருடைய ஏழு நாள் ஓய்வு, மற்றொருவருடைய ஓய்வின்மையின் மேல் கட்டப்பட்டிருக்கலாமா என்பதே கேள்வி.

அவ்வோய்வின்மையின் அளவைச் சட்டமே கூறுகிறது. 2006இல் ஏற்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்தொழிலாளர் உடன்படிக்கை, கடலோடிகளின் உரிமைச் சாசனம் எனப் போற்றப்படுவது; அது வந்தது முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. அதன்படி வேலை நேரத்தின் உச்ச வரம்பு 24 மணித்தியாலத்தில் 14 மணி; ஏழு நாளில் 72 மணி. வேலைக்கு வரம்பு விதியாது ஓய்வுக்கு வரம்பு விதிக்கவும் நாடுகளுக்கு இடமுண்டு. அப்போது ஏழு நாளில் 77 மணி ஓய்வு அளித்தாற் போதும். எஞ்சுவது 91 மணி என்பதை மாணவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். எட்டு மணி வேலைக்காக 1886இல் சிக்காகோவில் இரத்தம் சிந்தப்பட்டது; அதன் பின் 120 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட சாசனம் இது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரையுள்ளவை. அம்மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என ஒன்று வழக்கமாக இருப்பதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா, கரீபியன் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்த இவ்வூழியர் கீழ்த்தளங்களின் சிற்றறைகளைப் பகிர்ந்து உறங்குகின்றனர்.

இவர்கள் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வாழ்கின்றனர்? 'ஐகன்' கட்டப்பட்டது பின்லாந்தின் துர்க்கு நகரில். பறப்பது பஹாமாஸ் கொடி. அதன் கம்பனி பதிவானது லைபீரியாவில். தலைமையகம் மியாமியில். பிரயாணிகளுட் பெரும்பாலோர் அமெரிக்கர். மூலதனத்துக்கு வசதியான இடத்தில் கொடி; கொள்வோர் உள்ள இடத்தில் துறைமுகம்; கூலி மலிந்த இடத்தில் ஆட்சேர்ப்பு. இத்தகைய 'வசதிக் கொடி'களுக்கெதிராகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948 முதற் போராடி வருகிறது. இத்துணை பெரிய ஏற்பாட்டின் நடுவே ஏழு இரவுகள் உறங்கிய எழுத்தாளர் தன் தனிமையையே பிரதான செய்தியாகக் கொண்டு திரும்பினார் என்பது, தனிமனிதரொருவரின் குறை மட்டுமன்று. ஓர் இலக்கிய மரபின் குறை.

*

பிரயாணிக்குத் தெரிவதைத்தானே பிரயாணி எழுத முடியும், ஊழியருக்கு மட்டும் உரிய கதவுகளுக்கு அப்பால் அவன் எங்ஙனம் செல்வான் என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவுக்கு இலக்கிய வரலாறே விடை கூறியுள்ளது.

1922இல் நியூயோர்க்கில் அரங்கேறிய யூஜின் ஓ நீலின் 'மயிரடர்ந்த வாலில்லாக் குரங்கு' என்னும் நாடகம் அத்லாந்திக்கைக் கடக்கும் ஆடம்பரக் கப்பலொன்றிலேயே தொடங்குகிறது. ஆனால் திரை விலகும்போது நாம் காண்பது விருந்து மண்டபமன்று. உலைத் தொழிலாளர் அடைந்து கிடக்கும் இருப்பிடம். உருக்கு முதலாளியின் மகள் வெண்ணிற ஆடையுடன் வேடிக்கை பார்க்க உலைக்கூடத்துக்கு இறங்கி வருகிறாள். அங்கு கரி படிந்த யாங்க் என்னும் தொழிலாளியைக் கண்டு, அவனை விலங்கென இகழ்ந்து மயங்கி விழுகிறாள். கப்பலையே இயக்குபவன் தானென்று இறுமாந்திருந்த அவன், அந்த ஒரு பார்வையில், தான் யாருக்கும் மனிதனாகத் தோன்றவில்லை என்பதை உணர்கிறான். நாடகத்தின் பிற்பகுதியில் ஓ நீல் அவனைத் தொழிற்சங்கத்திலிருந்தும் துரத்தி, குரங்குக் கூண்டில் மாளவைப்பது அவருடைய அவநம்பிக்கையின் விளைவு. அதை நாம் ஏற்க இயலாது. எனினும் மேற்றளமும் கீழ்த்தளமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் காணும் அந்தக் காட்சி, கப்பல் இலக்கியத்தில் ஒரு மைல் கல். அதை அவரால் எழுத முடிந்தது ஏன்? இளமையில் அவர் கப்பற் தொழிலாளியாகவே கடலோடியிருந்தார்.

1926இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த பி. திராவனின் 'மரணக் கப்பல்' இன்னொரு சான்று. பத்திரங்களை இழந்த மாலுமி ஒருவன், எந்த நாடும் ஏற்காத மனிதனாகி, காப்புறுதிப் பணத்துக்காக மூழ்கடிக்கப்படவுள்ள கப்பலில் உலைக்குக் கரி அள்ளுகிறான். நாடற்ற தொழிலாளியும் பெயருக்கு மட்டும் நாடுடைய கப்பலும் சேரும் உலகத்தை, வசதிக் கொடி என்ற சொல் வழக்கில் வேரூன்றுமுன்னரே, அந்நாவல் கண்டுகொண்டது.

ஆக, நூறாண்டுகளுக்கு முன்னர் உலைக்கூடத்தை எட்டிய இலக்கியம் இன்று நீச்சற் குளத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. கப்பல் ஐந்து மடங்காயிற்று, பார்வை சுருங்கிற்று. கரி போய் எண்ணெயும் எரிவாயுவும் வந்தமையால் கீழ்த்தளத்தின் துயரம் நீங்கிவிட்டது என எண்ணுவோருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டல் தகும்.

1962இல் தன் முதற் பயணத்தை மேற்கொண்ட 'பிரான்ஸ்' என்னும் அழகிய கப்பல், 1980 முதல் 'நோர்வே' என்ற பெயருடன் மியாமியிலிருந்து கரீபியன் உல்லாசப் பயணங்களுக்கு விடப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய பிரயாணிகள் கப்பல் அதுவே. 2003 மே 25ஆம் திகதி காலை, பயணம் முடிந்து மியாமித் துறையில் நின்றபோது அதன் கொதிகலமொன்று வெடித்தது. எட்டுப் பேர் மாண்டனர். எண்மரும் ஊழியர், பிரயாணிகளில் ஒருவரும் மடியவில்லை. பராமரிப்பும் பரிசோதனையும் பழுதுபட்டிருந்தமையே காரணம் என்பது அமெரிக்க அரசின் விசாரணையில் தெளிவாயிற்று. 2008இல் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. இறந்தோரின் குடும்பத்தினரும் காயமுற்ற பிலிப்பைன்ஸ் தொழிலாளரும் அமெரிக்க நீதிமன்றத்தை நாடியபோது, தொழில் ஒப்பந்தத்தின் ஒரு வாசகத்தைக் காட்டி, வழக்கை நடுவர் தீர்ப்புக்காகப் பிலிப்பைன்சுக்கே கொண்டு செல்லுமாறு 2005இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்க மண்ணைத் தொட்டு நின்ற கப்பலில் மாண்டவருக்கு அமெரிக்க நீதிமன்றத்தின் கதவு திறக்கவில்லை. அக்கப்பலோ இறுதியில் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு இழுத்து வரப்பட்டு, வேறு ஏழைத் தொழிலாளரின் கைகளால் உடைக்கப்பட்டது. அதன் எழிலுக்கு இரங்குவோர் பலர். அந்த எண்மரின் கதையே எழுத்தாளனை அழைத்து நிற்கும் கதை.

*

இக்கடல் நமக்குத் தொலைவிலுள்ளது. ஆனால் அக்கேள்வி ஒருமுறை நம் துறைமுக வாசலுக்கே வந்தது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடுண்டன. உல்லாசக் கப்பல்களிற் பல்லாயிரம் ஊழியர் மாதக்கணக்காகச் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் 'எம்.எஸ்.சி. மக்னிபிகா' என்ற கப்பல் எரிபொருள் பெறக் கொழும்புக்கு அப்பால் நின்றது. அதிலிருந்த ஒரே இலங்கையர், சமையற் தொழிலாளி. தன் நாட்டின் கரையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, தன்னை இறக்கிவிடும்படி அவர் காணொளி மூலம் வேண்டுகோள் விடுத்தார். அதன் பின்னரே கடற்படையினர் அவரைக் கரை சேர்த்தனர்.

அச்சில நிமிட வேண்டுகோளில் அலங்காரமில்லை. வொலசின் சொல்வளமும் ஷ்டெய்ன்கார்ட்டின் நகைச்சுவையும் அதில் இல்லை. எனினும் அவ்விருவரும் எட்டாத ஓர் உண்மையை அது தொட்டது. உல்லாசக் கப்பலின் உட்புறத்திலிருந்து, ஏவல் செய்தவன் தன் குரலிற் பேசினான். புன்னகைக்கும்படி பணிக்கப்பட்டவன் புன்னகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினான். கப்பல் இலக்கியத்தின் அடுத்த அதிகாரம் அங்கிருந்தே எழுதப்படும் என்பது நமது துணிபு.

அது தானாக வந்துவிடாது. நம் பாடசாலைகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகளிற் பலர் கப்பலுக்கும் வளைகுடா நாடுகளின் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளராகச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு கணக்கிடுகிறது. அவர்கள் கண்டதைக் கேட்பதற்கு யார் இருக்கின்றனர்? விடுமுறையில் ஊர் திரும்பும் பழைய மாணவனை வகுப்பறைக்கு அழைத்துப் பேசவைக்கும் ஆசிரியர், அவனுடைய வேலை நேரத்தையும் உறங்கிய அறையையும் மேலதிகாரியின் குரலையும் தன் மொழியில் எழுதும்படி தூண்டும் ஆசிரியர், இலக்கியத்துக்குச் செய்யும் பணி சிறிதன்று.

வாசகராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இனி எந்தப் பயணக் கட்டுரையைக் கையிலெடுத்தாலும், எழுதியவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதோடு நில்லாது, அவர் உறங்கிய படுக்கையை விரித்தவர் அக்கட்டுரையில் எங்கே என்று கேட்போமாக.